மூன்றாவது ஓலை

அப்பா ஊருக்குக் கப்பலேறப் போகிறார் என்று முடிவான நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாருமே வீட்டில் இருக்கவில்லை.

முப்பத்து நாலாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் கதவு காலையில் பூட்டினால் பொழுது சாயும் நேரத்தில்தான் திறக்கும். அப்பா எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்.

அப்பாவின் பெயர் இருதயம். கோலாலம்பூர் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன், அதாவது ரயில் வரும்போது தண்டவாளத்தைத் தள்ளி வழி மாற்றிவிடுகிற வேலை. வாலிபத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர், இடையில் ஒரு தடவைகூட ஊருக்குப் போகவில்லை. அம்மாவை இங்கேதான் கட்டினார், இங்கேதான் அடக்கமும் பண்ணினார். பென்ஷன் ஆனதும் ரயில்வே கப்பலுக்குப் பாஸ் கொடுத்தது. அந்த மாதத்துக்குள் போனால் போனதுதான், இல்லாவிட்டால் பாஸ் செல்லாது. ஊரில் அவருக்கு ஒரே ஒரு தம்பி. அவரும் வயசாகிப் படுக்கையில் கிடந்தார்.

"அவன் மொகமே எனக்கு மறந்துபோச்சுடா வாலண்டைன். போய்ப் பாத்துட்டுச் சாகணும்" என்று என்னிடம் சொன்னார். போனால் திரும்பி வரமாட்டார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை. பேச நேரமும் இல்லை.

ஏனென்றால் அப்பா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். என் கடைசித் தங்கை சாந்தமேரிக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று. கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியார், பெயர் கிரிகரி. "சாந்தா கழுத்துல தாலி ஏறணும். அதுக்கப்புறந்தான் நான் கப்பல்ல ஏறுவேன்" என்றார் அப்பா. கப்பல் ஒரு வெள்ளிக்கிழமை. கல்யாணத்தை அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை காலையில் கிள்ளான் கோயிலில் வைத்துக்கொண்டோம். அங்கேயிருந்து துறைமுகம் கிட்டம்.

அதுவரைக்கும் சும்மா இருப்பாரா மனுஷர்? ஒரு நாள் பூமலைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் ஏரிக்கரையில் எல்லாருக்கும் புளிச்சோறு போட்டார். இன்னொரு நாள் ரயிலில் காஜாங். குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே இறைச்சியைத் தின்று, குச்சிகளை யார் அதிகம் சேர்க்கிறது என்று பேரப்பிள்ளைகளோடு போட்டி வைத்து, என் மகள் பிலோமினாவின் குச்சியைத் திருடி மாட்டிக்கொண்டார்.

"தாத்தா கள்ளன்! தாத்தா கள்ளன்!" என்று கடைத்தெரு கேட்கக் கத்தினாள் அவள்.

"மெதுவா சொல்லு பிள்ளே, மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சிரப் போவுது" என்றார் அப்பா.

என் மனைவி மகதலேனாவுக்குத்தான் பாடு. கல்யாணச் சேலைக்குக் கரை தைப்பாளா, பலகாரம் சுடுவாளா, ஊர் சுற்றுவாளா? "மாமா, ஒரு நாளாச்சும் வீட்டுல உக்காருங்க லா" என்றாள்.

"கப்பல்ல நாள் பூரா உக்காரத்தானே போறேன்" என்றார்.

கடைசிப் பயணம் மோரிப் கடற்கரைக்கு. கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு. மாப்பிள்ளை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு போக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பக்கத்து வீட்டு நாகையா லோரி ஓட்டுகிறவர், முதலாளியிடம் கேட்டு லோரியைக் கொண்டுவந்துவிட்டார். நாங்கள் எங்கள் கோயிலில் முதல் பூசை பார்த்துவிட்டு, பாயும் சட்டிபானையுமாக லோரியில் ஏறிக் கிள்ளான் தோட்டத்துக்குப் போனோம்.

தோட்டத்தில் சின்னக் கோயில். சாமியார் மாதத்தில் ஒரு தடவைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் ஜெபம் நடத்துவார். நாங்கள் போனபோது அவர் ஜிப்பா போட்டுக்கொண்டு மணி அடிக்கத் தயாராக நின்றார். மாப்பிள்ளை வீட்டார் லோரியில் ஏறுவதைப் பார்த்து அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

அப்பா அதைப் பார்த்துவிட்டார். "உபதேசியாரே, நீங்க கடல் பாத்து எவ்வளவு நாளாச்சு?"

"கப்பல விட்டு எறங்கினப்ப பாத்தது."

"அட பாவமே! ஏறுங்க ஏறுங்க. எடம் இருக்கு."

"ஜெபம் இருக்கே ஐயா..."

"அதான் கோயில் பிள்ள இருக்காரே, ஜெபமாலை சொல்லத் தெரியாதா அவருக்கு? நேரமானா தண்ணி வத்திரும், அப்புறம் சேத்துலதான் குளிக்கணும்."

மோரிப் அப்படித்தான். கடல் இறங்கிவிட்டால் கண்ணுக்கெட்டின தூரத்துக்கு வெறும் சேறு. உபதேசியார், கோயிலைக் கூட்டி விளக்கேற்றுகிற கோயில் பிள்ளையிடம் ஏதோ சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி லோரியில் ஏறினார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அந்த நாளைப் போல ஒரு நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தண்ணீர் கரைமட்டும் நின்றது. அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கிப் போட்டார். மாப்பிள்ளை கிரிகரி வெட்கப்பட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தார். அவரையும் இழுத்து உள்ளே தள்ளினார். சாந்தா சவுக்கு மரத்துக்குப் பின்னால் நின்று சிரித்தது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. உபதேசியார் அலை வரும்போதெல்லாம் "இயேசுவே" என்று குதித்தார். மீன் வாங்கிச் சுட்டோம், தேங்காய்ச்சோறு சாப்பிட்டோம். திரும்பும்போது லோரியில் ஒரே பாட்டு. நாகையா ஹாரனை அடித்துத் தாளம் போட்டார்.

பந்திங் தாண்டி வரும்போது அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார், "ஆமா உபதேசியாரே, இன்னைக்கி மூணாவது ஓலை யாரு வாசிச்சா?"

பாட்டு நின்றது.

எங்கள் வேதத்தில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். தாள்தான், பெயர் மட்டும் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் ஜனங்களுக்கு முன்னால் படிக்க வேண்டும். பெண்ணுடைய கோயிலிலும் படிக்க வேண்டும், மாப்பிள்ளையுடைய கோயிலிலும் படிக்க வேண்டும். மூன்றும் ஆகாமல் தாலி கிடையாது. எங்கள் கோயிலில் காலையில் மூன்றாவதும் ஆகிவிட்டது. தோட்டத்தில் இரண்டுதான் ஆகியிருந்தது.

உபதேசியார் ஜிப்பாப் பையைத் தடவினார். நனைந்து நாலாய் மடிந்த தாள் ஒன்று வெளியே வந்தது.

"கோயில் பிள்ளைக்கி எழுத்து தெரியாது" என்றார் மெதுவாக.

மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். சாந்தா அப்பாவையே பார்த்தாள். முன்னால் இருந்து நாகையா, "என்ன பெரியப்பா, சத்தத்தையே காணோம்? பாடுங்க!" என்று கத்தினார்.

"நீ வண்டிய ஓட்டுடா!" என்றார் அப்பா.

அடுத்த ஞாயிறு என்றால் அப்பா நடுக்கடலில் இருப்பார். உபதேசியார் மேல் ஒருவரும் கோபப்பட முடியாது. கூப்பிட்டது அப்பா. வீட்டுக்கு வந்த பிறகு அவர் சாப்பிடவில்லை. "என் மக கல்யாணத்த நானே லோரில ஏத்திக் கடலுக்குக் கொண்டுபோய்ட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை முதல் ரயிலில் நானும் அப்பாவும் கிள்ளானுக்குப் போனோம். மாப்பிள்ளையும் உபதேசியாரும் கோயில் வாசலில் காத்திருந்தார்கள். சாமியார் பிரெஞ்சுக்காரர். பாண்டிச்சேரியில் தமிழ் படித்தவர், புஸ்தகம் மாதிரிப் பேசுவார். முழுக்கதையையும் கேட்டார். தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"இருதயம், நீர் என் உபதேசியாரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனீரா?"

"ஆமா சாமி."

"உபதேசியாரே, நீர் நீந்தினீரா?"

"முழங்கால் தண்ணிதான் சாமி."

சாமியார் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்கினார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு நிமிர்ந்து, "புதன்கிழமை மாதா திருநாள். பூசை பார்த்தே ஆக வேண்டிய கடன் திருநாளில் ஓலை வாசிக்கச் சட்டம் இடம் தருகிறது. தோட்டத்தில் அன்று நானே பூசை வைக்கிறேன், நானே வாசிப்பேன்" என்றார்.

அப்பா எழுந்து கும்பிட்டார்.

"உட்காரும். இன்னும் முடியவில்லை. கடைசி ஓலைக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மூன்று நாள் விட வேண்டும். அதுவும் சட்டம்."

அப்பா உட்கார்ந்தார். மாப்பிள்ளை, "சாமி, விதிவிலக்கு ஏதும்..." என்று இழுத்தார்.

"தகுந்த காரணம் இருந்தால் நான் குறைக்கலாம். என்ன காரணம்?"

நான் பாஸைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"நாந்தான் சாமி காரணம். வெள்ளிக்கெழம நான் போயிருவேன். திரும்பி வரமாட்டேன். அம்மா இல்லாத பிள்ள. அப்பனும் இல்லாம கோயில்ல நிக்கக் கூடாது."

திரும்பி வரமாட்டேன் என்று அவர் வாயால் நான் கேட்டது அப்போதுதான். சாமியார் மேசைமேலிருந்த நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"புதன்கிழமை ஜனங்கள் தடை சொல்லாவிட்டால் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வாரும்" என்றார். "கோயிலுக்கு வாரும். கடலுக்கு அல்ல."

புதன்கிழமை தோட்டத்துக் கோயில் கொள்ளவில்லை. பாதிப் பேர் வெளியே நின்றார்கள். கதை தோட்டம் முழுக்கப் பரவி, ஓலை கேட்கவே பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். நாகையா வேதக்காரர் இல்லை, அவரும் வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பூசை நடுவில் சாமியார் பீடத்திலிருந்து திரும்பி, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு எல்லாரையும் பார்த்தார். குழந்தை அழுகிற சத்தம்கூட இல்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கை எழுந்தது. மாப்பிள்ளையின் அத்தை.

அப்பாவின் கை என் தோளை நெரித்தது.

"என்ன தடை?" என்றார் சாமியார்.

"தடை ஒண்ணுமில்ல சாமி. நாளைக்கித் தாலின்னா ஆட்ட இன்னைக்கே அறுக்கணும். சீக்கிரம் பூசைய முடிச்சீங்கன்னா நல்லாருக்கும்."

கோயில் முழுக்கச் சிரித்தது. சாமியாரும் சிரித்தபடியே பீடத்துக்குத் திரும்பினார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. முட்டி போட்டவர் நன்மை அப்பம் வாங்கும் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.

வியாழக்கிழமை கல்யாணம் நடந்தது. சாந்தாவின் கையைப் பிடித்து நடுவழியில் அப்பா நடந்து வந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. தாலி கட்டும்போது கிரிகரி அவசரத்தில் முடிச்சைத் தவறவிட்டார், அப்பா பின்னாலிருந்து "மெதுவா மாப்ள, கப்பல் நாளைக்கித்தான்" என்றார். வெளியே பாண்டு மேளம். அந்த வெயிலில், கோட்டும் தலைப்பாகையுமாக, அப்பா தெருவில் ஆடிக்கொண்டே வந்தார். உபதேசியாரையும் இழுத்து ஆடவைத்தார்.

இன்னொரு சங்கடம் இருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டுக்கு வந்து விருந்து சாப்பிட வேண்டும். பெண்ணின் அப்பா தன் கையால் மாப்பிள்ளைக்கு முதல் சோறு பரிமாற வேண்டும். மறுநாள் கப்பல். பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து திரும்ப நேரம் எங்கே?

"வீட்ட இங்க கொண்டுவா" என்றார் அப்பா மகதலேனாவிடம்.

அவளும் கொண்டுவந்தாள். போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்து ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மரநிழலில் பாய் விரித்தோம். வாழை இலை போட்டோம். நாகையாவின் லோரியிலிருந்து சட்டிகள் இறங்கின. வெள்ளிக்கிழமை, எங்களுக்குக் கறி ஆகாது. ஆகவே நண்டு, இறால், கெண்டை மீன். "மாப்ளைக்கி வெள்ளிக்கெழமைல மறுவீடு வச்ச ஒரே வேதக்காரன் நாந்தான்" என்று சொல்லிக்கொண்டே அப்பா குனிந்து பரிமாறினார்.

"எனக்கு வெள்ளிக்கெழம மீனும் கெடையாது பெரியப்பா" என்றார் நாகையா.

"அப்ப நீ பாயாசத்த மட்டும் குடி. வண்டி ஓட்டணும்லா."

போகிற வருகிற கூலியாட்கள், மலாய்ப் படகுக்காரர்கள், டிக்கட் பார்க்கிற சீனர் ஒருவர் என்று எல்லாருக்கும் இலை போட்டார். கப்பல் சங்கு ஊதும்வரை அந்த விருந்து ஓயவில்லை.

சங்கு ஊதியதும் அவர் கை கழுவினார். ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை போட்டார். பிலோமினா அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "ஊர்ல சாத்தே கெடைக்குமா தாத்தா?" என்று கேட்டாள். "கெடைக்காது. அதான் உன் குச்சியத் திருடினேன்" என்றார். சாந்தாவுக்குக் கடைசியில் சிலுவை போட்டார். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணிவரைக்கும் போனார்.

கப்பல் நகர ஆரம்பித்தது. மேல்தட்டு முழுக்க ஊருக்குப் போகிற ஜனங்கள். அவர்களுக்கு நடுவில் அப்பாவின் தலைப்பாகை தெரிந்தது. சாந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அங்க பாருங்க, மாமா என்ன பண்றாரு!" என்றாள் மகதலேனா.

அப்பா எங்களைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆளின் தோளைத் தட்டி, கரையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மறுபக்கத்தில் நின்ற ஆளிடம். பிறகு ஒரு கைக்குழந்தைக்காரியிடம். சத்தம் எட்டவில்லை, ஆனால் கை நீட்டுவதிலேயே தெரிந்தது. கல்யாணச் சேலையில் நின்ற சாந்தாவைத்தான் காட்டினார்.

ஒருவர் கை அசைத்தார். அடுத்தவரும் அசைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தட்டில் நின்ற முகம் தெரியாத ஜனங்கள் எல்லாரும், துண்டையும் முந்தானையையும் வீசி, என் தங்கைக்குக் கை காட்டினார்கள்.

சாந்தா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். கண்ணைத் துடைக்காமலே இரண்டு கையையும் தூக்கி, கப்பல் வளைவில் திரும்பி மறையும்வரை அத்தனை பேருக்கும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.