சேணத்தையும் சேர்த்து

என் வேலை தராசுகளைச் சோதிப்பது. கிடங்கு, மருந்துக் கம்பெனி, லாரியை நிறுத்தி எடை போடும் மேடை என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். இரும்புக் கட்டிகளை ஏற்றி இறக்கி, முள் சரியாக நிற்கிறதா என்று பார்த்து, சரி என்று ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டு வருவேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. மனைவி இறந்துபோனதிலிருந்து அது எனக்கு வசதியாக இருக்கிறது.

அவள் போனபோது அத்தை, அவளுடைய அம்மா, நாலு நாள் இருந்துவிட்டுப் போவதாகத்தான் வந்தார். மாமா எப்போதோ இறந்துவிட்டார். வேறு பிள்ளைகள் கிடையாது. நான் போங்கள் என்று சொல்லவில்லை, அவரும் போகிறேன் என்று சொல்லவில்லை. ஒரு மாமியாரும் ஒரு மருமகனும் மட்டும் இருக்கிற வீட்டில் பேச்சு அளவாகத்தான் நடக்கும். சாப்பிட வருகிறீர்களா என்பார். வருகிறேன் அத்தை என்பேன். ஒரு கரண்டி வைத்ததும் போதும் என்பேன். மீதி சட்டியிலேயே இருக்கும். அத்தை சாப்பாட்டைக் கொட்டுகிற ஆள் இல்லை.

குதிரை ஏற்றம் கற்றுத்தரும் பள்ளி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. தீவனம் நிறுக்கும் தராசும் ஆட்களை நிறுக்கும் தராசும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லையாம். அன்று அத்தைக்குக் கண் மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. போகிற வழிதானே என்று காரில் ஏற்றிக்கொண்டேன். கொஞ்ச நேரம் காரிலேயே இருங்கள் என்றேன், தலையாட்டினார். வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தால் காரில் ஆள் இல்லை.

லாயத்தின் கடைசித் தடுப்பில் நின்றிருந்தார். எதிரே ஒரு வெள்ளைக் குதிரை. நாலு பேர் தட்டு வைத்துச் சாப்பிடலாம், அவ்வளவு அகல முதுகு. அதனாலேயே அங்கே எல்லோரும் அதை மேசை என்று கூப்பிட்டார்கள். அத்தை அதன் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் சொறிந்துகொண்டிருந்தார். மேசை மேலுதட்டை நீட்டி, கண் சொருகி, அப்படியே அவர்மேல் சாய்ந்திருந்தது. அத்தையும் பதிலுக்குச் சாய்ந்து முட்டுக் கொடுத்திருந்தார். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை.

அவருடைய அப்பா பந்தய மைதானத்தில் லாடம் அடித்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது. விடியற்காலையில் குதிரைகளை ஓட்டிக்கொண்டுபோய் உடம்பைச் சூடாக்கிக் கூட்டிவருவது அத்தையின் வேலையாம், கல்யாணம் வரைக்கும். இதை என் மனைவி என்னிடம் சொன்னதே இல்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள். அவள் எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

கோச் வந்தார். முப்பது வயதிருக்கும், இடுப்பில் கை வைத்துக்கொண்டே நிற்கிற பெண். அத்தை நேராகக் கேட்டுவிட்டார், இதில் ஒரு தடவை ஏறலாமா என்று. கோச் அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, தராசைக் கைகாட்டினார். நான் ஒட்டிய தாளின் பசை இன்னும் காயவில்லை. தொண்ணூற்றொரு கிலோ காட்டியது. எந்தக் குதிரை எவ்வளவு சுமக்கலாம் என்று சுவரில் இருந்த பலகையில் மேசைக்கு எண்பது என்று பெரிதாக எழுதியிருந்தது. மற்றக் குதிரைகளுக்கு அதைவிடக் குறைவு.

"தராசு தப்பா இருக்கும்னு சொல்லவும் முடியாது," என்றார் கோச். "உங்க மாப்பிள்ளைதான் சரி பார்த்திருக்காரு."

அத்தை என்னைப் பார்த்தார். கொஞ்சம் அனுசரித்துச் செய்திருக்கக் கூடாதா என்கிற மாதிரி இருந்தது.

மழைக்காலம் தொடங்கியதும் பள்ளியை மூடிவிடுவார்களாம். மேசைக்கு வயதாகிவிட்டது, அதைப் புல்வெளிக்கு ஓய்வுக்கு அனுப்பிவிடப் போகிறார்கள், திரும்பி வராது. அதற்குள் எடை குறைந்தால் வாருங்கள் என்றார் கோச். வர மாட்டீர்கள் என்று அவர் குரலில் இருந்தது. அத்தைக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் வழக்கம்போல ஒரு கரண்டியோடு கையை நீட்டித் தடுத்தேன். அத்தை கரண்டியை இறக்கவில்லை.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லுவேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க அத்தை."

"நான் இங்க வரும்போது எழுபத்தஞ்சு. மிச்சமெல்லாம் உங்களுது."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் சாப்பிடாமல் விட்ட சோறு எங்கே போயிருக்கும்? எதிரே உட்கார்ந்திருந்தது. தட்டை நகர்த்தி வைத்தேன். இரண்டாவது கரண்டி விழுந்தது.

அப்படித்தான் ஒப்பந்தம் ஆயிற்று. என் பங்கை நான் சாப்பிட வேண்டும், அவர் பங்கை அவர். சட்டியில் மிச்சம் இருக்கக் கூடாது. எடை குறைப்பவர் அவர், கஷ்டப்படுபவன் நான். என் வயிறு சுருங்கிப்போயிருந்தது. முதல் வாரம் பரீட்சை எழுதுகிறவன்போல வியர்த்து வியர்த்துச் சாப்பிட்டேன். அத்தை எதிரே இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் வேகவைத்த காயும் வைத்துக்கொண்டு, என் ஒவ்வொரு கவளத்தையும் கண்ணாலேயே வழியனுப்பி வைப்பார்.

காலையும் மாலையும் கூடத்திலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து கூடத்துக்கு என்று நடப்பார். நடை முடிந்ததும் சோபாவின் கைப்பிடியில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவார். தொடைக்குப் பலம் வேண்டுமாம். முதுகை நிமிர்த்தி, முழங்காலை இறுக்கி, என் இடுப்பு பெல்ட்டைக் கடிவாளமாகப் பிடித்துக்கொண்டு தொலைக்காட்சியில் செய்தி பார்ப்பார். ஒரு நாள் என் அலுவலக நண்பர் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அத்தை இறங்கவில்லை. வாங்க, உக்காருங்க என்று கைப்பிடியிலிருந்தே உபசரித்தார். விஷயம் எப்படியோ அக்கா காதுக்குப் போய்விட்டது. போனில் கேட்டாள்.

"உன் மாமியார் சோபா மேல குதிரை ஓட்டுறாங்களாமே?"

ஆமாம் என்றேன்.

"நீ என்ன பண்ற?"

"சாப்பிடுறேன்."

ஓட்டட்டும் விடு என்று போனை வைத்துவிட்டாள்.

வீட்டில் என்னிடம் ஒரு நல்ல தராசு இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை அத்தையை நிறுப்பேன். செருப்பைக் கழற்றச் சொல்வேன். சாவிக்கொத்து, போன், துணி எல்லாவற்றையும் மனசுக்குள் கழித்துவிடுவேன். தொழில் பழக்கம் அது. லாரியைக் கழி, பெட்டியைக் கழி, சாக்கைக் கழி, உள்ளே இருக்கிற சரக்குதான் எடை. எண் இறங்கிக்கொண்டே வந்தது. அத்தை இறங்கியதும் சும்மா ஏறிப் பார்ப்பேன், நான் கூடிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரையும் கூட்டினால் வீட்டின் எடை ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது.

ஒரே ஒரு நாள் ஒப்பந்தம் உடைந்தது. என் மனைவியின் பிறந்தநாள். இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் ஒரு கரண்டியோடு போதும் என்று எழுந்துவிட்டேன். அத்தை வற்புறுத்தவில்லை. சட்டியை மூடி வைத்துவிட்டு, அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். அதை எடுத்துச் சாப்பிடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. நான் அறைக்குப் போய்ப் படுத்தேன். தட்டின் சத்தமோ குழாயின் சத்தமோ கேட்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அப்படியே உட்கார்ந்திருக்கிறார், அடகு வைத்த பாத்திரத்துக்குக் காவல் இருப்பவர்போல. நான் நின்றபடியே சட்டியிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டேன், ஆறிப்போயிருந்தது. முடிந்ததும் சட்டியை வாங்கிக் கழுவப் போய்விட்டார்.

வானம் கறுக்கத் தொடங்கிய வாரத்தில் எண்பதுக்குக் கீழே வந்தார். எழுபத்தெட்டரை. மறுநாளே கிளம்பினோம். அறையிலிருந்து வெளியே வந்தவரைப் பார்த்து நான் சாவியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் போட்டிருந்தது மகளுடைய நீல டிராக் பேன்ட். அவளுடைய அலமாரியை நான் இதுவரை திறக்கவில்லை. இடுப்பில் ஒரு ஊக்கு குத்தியிருந்தார், அவ்வளவுதான். நன்றாகவே பொருந்தியது.

பள்ளியில் அத்தை ராஜநடை போட்டுப் போய்த் தராசில் ஏறினார். கோச் எண்ணைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பிறகு பக்கத்து அறைக்குள் போய், ஒரு சேணத்தைக் கொண்டுவந்து அத்தையின் இரண்டு கையிலும் வைத்தார்.

முள் எண்பத்தாறைத் தாண்டியது.

நான் பலகைக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். எண்பதுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்தது: சேணத்தையும் சேர்த்து. அன்று அத்தை கண் மருத்துவரிடம் போகிற வழியில் இருந்தவர், அவரால் அதைப் படித்திருக்க முடியாது. எனக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது. எடை என்றால் சரக்கு மட்டும்தான் என்று நானாகக் கழித்துவிட்டேன். குதிரைக்கு அந்தக் கழித்தல் கிடையாது. அதற்கு முதுகுமேல் இருப்பதெல்லாம் எடைதான்.

அத்தையின் முகம் சின்னதாகிவிட்டது. என்னைத் திட்டியிருந்தால் தேவலை. சேணத்தைப் பார்த்தபடியே, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

"நாங்க இதெல்லாம் போட்டதே இல்லையே. வெறும் முதுகுலதான் உக்காருவோம்."

கோச் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். நின்று பேசும்போது அவர் அப்படிச் செய்து நான் அதுவரை பார்த்ததில்லை. வெறும் முதுகிலா என்று கேட்டார். எப்படி உட்காருவீர்கள், திரும்பும்போது எதைப் பிடிப்பீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். அத்தை வாயால் சொல்லாமல் முழங்காலால் செய்து காட்டினார், அங்கே கிடந்த வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து. சோபா வீண்போகவில்லை. கோச் உள்ளே போய், வார் வைத்துத் தைத்த ஒரு கம்பளி விரிப்பை எடுத்துவந்தார். இதில் காலை வைக்க வளையம் கிடையாது, சரியாக உட்காரத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் தருவேன் என்றார்.

அத்தை விரிப்பை வாங்கிக்கொண்டு மறுபடி தராசில் ஏறினார். எண்பதரை.

மூன்று பேரும் முள்ளைப் பார்த்தோம். அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பிறகு ஷூ. வீட்டுச் சாவி. முள் கொஞ்சம் அசைந்தது, போதவில்லை. கடைசியில் டிராக் பேன்ட்டின் இரண்டு பையிலும் கைவிட்டு எதையோ எடுத்தார். கேரட். மேசைக்குத் தருவதற்காகப் பை நிறையத் திணித்துக்கொண்டு வந்திருந்தார்.

"அதை இங்க குடுங்க," என்றார் கோச். வாங்கிப்போய் ஒவ்வொன்றாக மேசைக்கு ஊட்டினார். "வரம்பு குதிரையோட எடையை வச்சுத்தான் போடுறது. இது எடை கூடினா உங்களுக்கும் நல்லதுதான்."

மேசை கடமை உணர்ச்சியோடு மென்றது. முள் சரியாக எண்பதில் நின்றது. நான் சரிபார்த்த தராசு என்பதால் சொல்கிறேன், அது பொய் சொல்லாது.

அடுத்தது ஏறுவது. மரப்படிமேல் நின்று அத்தை ஒரு தாவு தாவினார். பாதிதான் போனார். வயிறு குதிரையின் முதுகிலும், தலை அந்தப் பக்கமும், கால் இரண்டும் இந்தப் பக்கமும். கிடங்கில் மூட்டை இறக்குகிறவர்களிடம் நான் இப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். கோச் குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார், விட முடியாது.

"மாப்பிள்ளை," என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சொல்லுங்க அத்தை."

"தள்ளுங்க."

எங்கே தள்ளுவது? கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அத்தையைத் தொட்டதில்லை. ஆஸ்பத்திரியில், டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகும்கூட, ஒரே பெஞ்சின் இந்த ஓரத்தில் நானும் அந்த ஓரத்தில் அவருமாகத்தான் உட்கார்ந்திருந்தோம். இப்போது என் இரண்டு கையும் காற்றில் நின்றன. ஒரு கையில் அவருடைய ஷூ வேறு.

"சார், அது உங்க மாமியார். கண்ணாடிச் சாமான் இல்ல," என்றார் கோச்.

"வெக்கப்பட இது நேரமில்ல மாப்பிள்ளை, ரத்தம் தலைக்கு ஏறுது," என்றார் அத்தை. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கியது, அதோடு மேசையும் குலுங்கியது. ஷூவைக் கீழே போட்டேன். குனிந்து அவருடைய முழங்காலுக்குக் கீழே தோளைக் கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, ஒரே தம்மில் தூக்கித் தள்ளினேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் இருந்த நானாக இருந்தால் முடிந்திருக்காது. உள்ளே போன சோறு அத்தனையும் அன்றைக்கு வேலை செய்தது.

என்னிடமிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று புரியக் கொஞ்சம் நேரமாயிற்று.

மேலே போனதும் அத்தை வேறு ஆள். முதுகு நிமிர்ந்தது, தோள் இறங்கியது. கோச் கயிற்றை நீளமாகப் பிடித்தபடி நடுவில் நின்றார். மேசை வட்டமாக நடந்தது. பிறகு அத்தை என்ன செய்தார் என்று தெரியவில்லை, கையை அசைக்கவில்லை, காலால் தட்டவும் இல்லை, குதிரை தானாக ஓட்டமெடுத்தது. துள்ளித் துள்ளி ஓடியும் அவர் முதுகில் ஒட்டினாற்போல இருந்தார். என்னைக் கடந்துபோகும்போது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக, குதிரையின் காதுகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியும் சாவியும் ஷூவுமாக, கோயில் வாசலில் செருப்புக் காக்கிறவன்போல நின்றிருந்தேன்.

தூறல் விழத் தொடங்கியதும் கோச் நிறுத்தினார். இறங்குவது சுலபமாக இருந்தது. அத்தை சறுக்கிக்கொண்டு வந்து நேராக என் தோளில் கையை ஊன்றினார். உடனே எடுத்துக்கொள்ளவில்லை. மறு கையால் மேசையின் கழுத்தைச் சொறிந்தபடி நின்றார். போய்ட்டு வா என்று அதனிடம் மெல்லச் சொன்னார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கோச் விரிப்பை மடித்தபடி, மழை முடிந்து திறக்கும்போது செவலை என்று ஒரு குதிரை இருக்கும், நல்ல ஓட்டம் என்றார். எவ்வளவு என்று கேட்டார் அத்தை. எழுபது.

அத்தை இந்த முறை கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் போய், சின்ன எழுத்து வரைக்கும் படித்தார். வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார், ரொம்பப் பரிதாபமாக.

"இன்னும் நிறைய இருக்கு மாப்பிள்ளை. உங்களுக்குத்தான் கஷ்டம்."

"பரவாயில்ல அத்தை," என்றேன். "பசிக்குது. வீட்டுக்குப் போலாம்."