கார்வர் ஏரியில் காட்டிய சைகை

மொன்டானா மலைநாட்டின் வடமேற்கு மூலையில், ஊசியிலைக் காடுகள் கரைவரை இறங்கி வந்து நிற்கும் கார்வர் ஏரியின்மேல், பங்குனிப் பிற்பகலின் வெளிறிய ஒளி பரவிக் கிடந்தது. குளிர்காலம் முழுதும் இறுகிக் கிடந்த பனித்தளம், பகலில் இளகியும் இரவில் உறைந்தும் உள்ளுக்குள் நாள்தோறும் நைந்துகொண்டிருக்க, மேற்பார்வைக்கு மட்டும் பழைய வெண்மையும் பழைய உறுதியும் குன்றாதது போல் விளங்கிற்று. காற்றோ ஏரியிலிருந்து கரையை நோக்கி ஓயாமல் வீசி, கரையில் நிற்பவர் வாய்ச்சொல்லை அவர் வாயிலேயே திணித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கரையில்தான் டோர்கர் சிலெட்டன் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தார். நார்வேயிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்து, இருப்புப்பாதைப் பணியில் தலைமயிர் நரைத்த மனிதர். தண்டவாளம் விரிசல் விட்ட இடத்தை நடக்கும்போதே காலால் உணர்ந்து, பனிச்சரிவு மூடிய மலைவளைவுகளில் எத்தனையோ சரக்குவண்டிகளைக் கைவீச்சால் நிறுத்திக் காத்தவர். ஓய்வுநாள் வந்துவிட்டாலோ, தூண்டிலும் வாணலியும் குடும்பமுமாக வெளியே கிளம்பிவிடுவார். கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஓய்வுநாளைக் கழிப்பவனைக் கண்டால், "பாவம், உடம்புக்கு என்னவோ" என்று மெய்யாகவே இரங்குவார். எங்கள் ஊரில் அவரை நகையாடாதவரும் இல்லை, நேசிக்காதவரும் இல்லை.

"என்னய்யா, அந்த வெறகு நார்வேயிலேர்ந்தா வரணும்? மீனு கருவாடாயிரும் போல!" என்றாள் அடுப்பருகே குந்தியிருந்த அவர் மனைவி போர்கில்ட்.

"நீ பேசுற பேச்சுல அடுப்பே பத்திக்கும். வெறகு எதுக்கு?"

மருமகன் வெண்டல் சிரித்தான். ஊர்ப்புறத்துக்குப் புதியவன், நகரத்து அலுவலகத்தில் வேலை. அவன் மனைவி மார்லிஸ், டோர்கரின் ஒரே மகள், மீன்பிடிக்க ஏரிப்பனியில் குடைந்த தூண்டில் துளையருகே தங்கிவிட்டிருந்தாள். இரண்டு வயதுக் குழந்தை சோல்வியைச் சறுக்குப்பலகையில் அமர்த்தி, கயிற்றை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு அப்போதுதான் கரைநோக்கிப் புறப்பட்டாள். வந்த வழியைச் சுற்றென்று விட்டு, ஓடை ஏரியில் கலக்கும் வாயின் குறுக்கே நேராக வந்தாள்.

மேட்டில் நின்ற டோர்கரின் கண்ணுக்கு, அவளுக்குத் தெரியாத ஒன்று தெரிந்தது. ஓடைவாயின் பனி சாம்பல்நிறம் கொண்டிருந்தது. ஓடைநீர் அடியிலிருந்து அரித்து, மேலே ஏடு மட்டும் மிஞ்சிய இடம் அது. மகள், பேத்தியை இழுத்தபடி, அதன் விளிம்பை மிதித்துவிட்டிருந்தாள்.

கூவினார், காற்று விழுங்கிற்று. அடுத்த நொடியே இரு கைகளும் தாமாக எழுந்து, இடவலமாகக் குறுக்கே வீசின.

அவ்வீச்சுக்கு எங்கள் ஊரில் ஒரே பொருள்தான்: நில். இருப்புப்பாதையோரத்து வீட்டில் பிறந்து வளர்ந்த மார்லிஸ், பேசப் பழகுமுன்பே தந்தையின் கைம்மொழி பழகியவள். உணவுக்கு அழைப்பதும் அடம்பிடித்தால் அதட்டுவதும் அவர்களுக்குள் வண்டிச்சைகையாகவே நடந்தன. "ஐயம் வந்தால் நிறுத்து" என்பது அவர் தொழிலின் முதல் நெறி. பாதையில் அதனால் எவரும் செத்ததில்லை.

ஆனால் பனி, பாதை அன்றே! நைந்த பனியில், கனமெல்லாம் ஓரிடத்தில் அழுந்த, அசையாமல் நிற்பதைப் போல் பேரிடர் வேறில்லை. அதை எங்கள் ஊரில் எவரையும்விட நன்கறிந்தவர் அவரே. அறிவு விழிக்குமுன் கை முந்திக்கொண்டது, ஐயோ!

மார்லிஸ் நின்றுவிட்டாள். அவள் காலடியில் பனி மெல்லக் குழிந்தது. குழிந்த இடத்தில் நீர் ஊறியது.

"கைய ஆட்டுறாரு, அவ ஏன் நிக்கிறா?" என்று திகைத்த வெண்டல், மறுகணமே நீரைக் கண்டு ஓட்டமெடுத்தான். டோர்கர் அவன் சட்டைக் கழுத்தைப் பற்றி இழுத்துக் கீழே தள்ளினார்.

"விடுங்க மாமா! என் புள்ள!"

"உன் கனமும் ஏறுச்சுன்னா மூணு பேரும் உள்ள போயிருவீங்கடா!"

நீர் அவள் கணுக்காலைத் தொட்டது. அப்போதும் அவள் அசையவில்லை. தந்தையின் கைகளையே பார்த்து நின்றாள். உடற்கனம் பரவும்படி படுத்துக்கொள் என்பதே அவ்வேளைக்கு உரிய சொல். ஆனால் படுக்கச் சொல்லும் சைகை இருப்புப்பாதையில் கிடையாது. எந்த வண்டியையும் எவரும் படுக்கச் சொன்னதில்லை. கிழவரின் உள்ளம் உள்ள சைகைகளையெல்லாம் ஒருமுறை துழாவித் தேடி, ஒன்றைக் கண்டது. வலக்கையை நீட்டி, பெருவட்டமாகச் சுழற்றலானார். பின்னே போ.

பின்னேகும் வண்டி திரும்புவதில்லை. மார்லிஸும் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அந்தக் குதிகால் அழுத்தத்துக்கே பனி உடைந்திருக்கும். முகம் தந்தையை நோக்கியிருக்க, கெண்டைக்கால்களால் பலகையைத் தள்ளித் தள்ளி, தேய்த்த அடியாகப் பின்வாங்கினாள். குழந்தை முதலில் வெண்பனியை அடைந்தது. பின்பு தாயின் ஒரு கால். மற்ற காலை அவள் எடுத்த மாத்திரத்தில், அவள் நின்றிருந்த இடம் ஓசையின்றி அமிழ்ந்து கருநீராயிற்று.

டோர்கர் கையை நிறுத்தவில்லை. அவள் தூண்டில் துளையையும் கடந்து, சுற்றுவழியாகக் கரை ஏறும் மட்டும் வெற்றுவெளியில் சுழற்றிக்கொண்டே நின்றார். போர்கில்ட் வந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

குழந்தையை வாரி அணைத்த வெண்டல், அழுகையும் சினமுமாகக் கேட்டான்: "காலுக்கடியில தண்ணி வருதுல்ல? ஓட வேண்டியதுதானே! எதுக்குடி நின்ன?"

மார்லிஸுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அப்பா நில்லுன்னாரு. நின்னேன்," என்றாள்.

அதைக் கேட்டதும் டோர்கர் அப்படியே பனியில் அமர்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். மகள் பிழைத்த மகிழ்ச்சி என்றே மற்றவர் எண்ணினர். அன்பரே, அது மகிழ்ச்சி அன்று.

அதன்பின் அவர் நெடுங்காலம் வாழ்ந்தார். பேரன் பேத்திகளோடு மலையேறினார், மான் தேடினார், தொண்ணூறைக் கடந்தும் தூண்டிலை விடவில்லை. ஆயினும் எவரையும் எதையும் செய் என்று அவர் சொல்லக் கேட்டவர் இல்லை. "நீ என்னம்மா நெனைக்கிற?" என்று மட்டும் கேட்பார். "ஒரு தடவையாவது இப்படிச் செய்யுன்னு சொல்லேம்பா!" என்று மார்லிஸ் சலித்துக்கொள்வாள். முதுமை அவரை மழுக்கிவிட்டதென்று ஊரும் பேசிற்று.

அவரோ தம்மை முற்றும் நம்பும் ஓர் உயிர் இவ்வுலகில் உண்டென்று அறிந்துகொண்டவர். அறிந்த நாளிலிருந்து அந்த நம்பிக்கைக்கு அஞ்சியே வாழ்ந்தவர்.