தட்டு வைத்துக் கேட்ட நிழல்

1979ஆம் ஆண்டு தை மாதம் பதினேழாம் நாள் காலை பத்தரை மணிக்கு, காரைக்கால் மாதா கோயில் தெருவில் டாக்டர் ஐரேன் நடத்திவந்த குழந்தை மருத்துவமனையின் முற்றத்தில் இருந்தவர்கள் எழுவர். டாக்டர் ஐரேன், சாய்வு நாற்காலியில், சைகோனில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற அவருடைய தகப்பனார் ஆந்துவான், நர்ஸ் கமலாம்பாள், நெடுங்காடு மேலவீட்டு குஞ்சிதபாதத்தின் மகள் பெரியநாயகி, ஒரு கால் வாசற்படிக்கு உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அவள் கணவர் உத்திராபதி, திருவேட்டக்குடியில் இருந்து மீன் கொண்டுவந்து விற்கும் காசியம்மா, பெரியநாயகியின் நான்கு வயது மகன் தெட்சிணாமூர்த்தி. குஞ்சிதபாதம் அப்போது அங்கே இல்லை. இருந்தார் என்று சொல்பவர்கள் பார்க்காதவர்கள். இந்த எழுவர் முன்னிலையில் பையனின் நிழல் மேற்குச் சுவரில் விழுந்தது. அது நாற்பது வயதுப் பெண் ஒருத்தியின் நிழல். தலையில் மீன்கூடை இருந்தது. பையன் கையைத் தூக்கினான். நிழலும் கையைத் தூக்கிக் கூடையைப் பிடித்துக்கொண்டது.

இரத்தம் குறைந்த குழந்தைகளுக்கு நிழல் வெளிறும் என்பது அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அந்த மருத்துவமனையில் தெரிந்த விஷயம். ஐரேன் பிரான்சின் மோன்பெலியே நகரில் மருத்துவமும், அதற்குமேல் பாரிசில் குழந்தைகளின் இரத்த நோய்களும் படித்து, தகப்பனாருக்கு வாதம் வந்ததால் 1974இல் ஊர் திரும்பியவர். முதல் மாதத்திலேயே, கண் இமையை இழுத்துப் பார்ப்பதைவிடச் சுவரைப் பார்ப்பது துல்லியம் என்று கண்டுகொண்டார். இரத்தத்தில் பத்து கிராம் ஹீமோகுளோபின் உள்ள குழந்தைக்கு நிழல் கருமையாக விழும். ஏழில் சாம்பல் நிறம். நான்குக்குக் கீழே போனால் வெள்ளைச் சுவரில் ஈரத்துணி பட்டுக் காய்ந்த தடம் போலத்தான் இருக்கும். இன்னொருவர் இரத்தம் ஏற்றினால் நிழல் திரும்பும், ஆனால் கொடுத்தவருடைய நிழலாகத் திரும்பும். மூன்று நான்கு வாரம் நிற்கும். இதை அவர் பாரிசில் தமக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ழான்-போலுக்கு எழுதினார். நுண்ணோக்கியின் கண்ணாடியை நன்றாகத் துடைக்கவும் என்று பதில் வந்தது. ஐரேன் கண்ணாடியைத் துடைத்தார். மேற்குச் சுவருக்கும் ஒருமுறை சுண்ணாம்பு அடித்தார். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இல்லாத நாட்களில் மட்டும் மற்ற டாக்டர்களைப் போலக் குழாயில் இரத்தத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்.

மேலவீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெடுங்காட்டில் பழைய நிலக்காரக் குடும்பம். யார் வீட்டு வாசலிலும் போய் எதையும் கேட்காதவர்கள். வெளியில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. மூன்று தலைமுறையாக மாமன், அத்தை மகன், அத்தை மகள் என்று தங்களுக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள். நிலம் பிரியவில்லை, மரியாதை பிரியவில்லை என்று அதைப் பெருமையாகவே சொன்னார்கள். குஞ்சிதபாதமும் தம் ஒரே மகள் பெரியநாயகியை, காலமான மனைவி அன்னபூரணியின் தம்பி உத்திராபதிக்கே கொடுத்தார். குறையில்லாத கல்யாணம். பிறந்த பையன் மட்டும் எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தான். மூன்று வயது வரை பூச்சி மருந்தும் டானிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு பெருத்ததே தவிர உடம்பு தேறவில்லை. 1978 ஆனியில் ஐரேனிடம் கொண்டுவந்தபோது சுவரில் அவன் நிழலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இது தலசீமியா என்றும், உடம்பு தானாக நல்ல இரத்தம் செய்யாது என்றும், மாதம் ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டே இருந்தால்தான் பிள்ளை இருப்பான் என்றும் ஐரேன் சொன்னார்.

முதல் பாட்டிலைக் குஞ்சிதபாதமே கொடுத்தார். வயது அறுபது, ஆனாலும் உடம்பு உறுதி. மறுநாள் பையன் முற்றத்தில் ஓடினான். அவனோடு முதுகு வளையாத, கைத்தடி ஊன்றிய, தோளில் மடித்த அங்கவஸ்திரம் போட்ட ஒரு பெரியவரின் நிழல் ஓடியது. அந்த ஆனி, ஆடி மாதங்களில் அவர் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தார். இரண்டு குஞ்சிதபாதங்களின் நிழல் பக்கத்தில் பக்கத்தில் போவதை ஊர் பார்த்தது. இதில் அவருக்குச் சந்தோஷம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

அடுத்தது பெற்றோர் முறை. ஆனால் உத்திராபதிக்கும் பெரியநாயகிக்கும் இரத்தமே சற்றுச் சோகையானது. பையன்மேல் அவர்கள் நிழல் பலமுறை துவைத்த துணி போல வந்து பத்து நாளில் போய்விட்டது. ஆவணியில் மறுபடியும் குஞ்சிதபாதம் படுத்தார். இந்த முறை அவருடைய சொந்த நிழல் ஒரு மாதம் ஆகியும் கருக்கவில்லை. இனிமேல் உங்களிடம் எடுக்க மாட்டேன் என்று ஐரேன் சொல்லிவிட்டார். உறவினரிடம் ஆள் விட்டுக் கேட்டார்கள். இருவர் வந்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் கும்பகோணத்தில் கல்யாணம் இருந்தது, சிதம்பரத்தில் வழக்கு இருந்தது. ஒருவர் நான்கு மாதம் தொடர்ந்து காய்ச்சலாக இருந்தார். வெளி ஆள் இரத்தம் கூடாது என்று குஞ்சிதபாதம் உத்தரவு போட்டார். பையன் மேலவீட்டு நிழலோடு நடக்கட்டும், இல்லாவிட்டால் நிழல் இல்லாமல் நடக்கட்டும் என்றார். மார்கழியில் பையனால் நடக்கவே முடியவில்லை. தைப் பொங்கலன்று வாசலில் வெயிலில் உட்காரவைத்தபோது பலகைக்கு நிழல் விழுந்தது, பையனுக்கு விழவில்லை.

பெரியநாயகி அதுவரை தகப்பனார் பேச்சை ஒருமுறைகூட மீறியவள் அல்ல. தை பதினேழாம் நாள், அவர் திருநள்ளாற்றுக்குப் போயிருந்த நேரத்தில், பையனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். உத்திராபதி சைக்கிளில் பின்னால் வந்தது தடுக்கவா துணைக்கா என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை. அதனால்தான் வாசற்படியில் நின்றார். மருத்துவமனையின் பின்கட்டில் காசியம்மா கமலாம்பாளுக்கு மீன் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே டாக்டரிடம் காட்டத் தாமதமாகி ஒரு பெண் குழந்தையைப் பறிகொடுத்தவள். பையனைப் பார்த்தாள், கூடையை இறக்கினாள், கையை நீட்டினாள். சோதித்ததில் பொருந்தியது.

வாசற்படியில் இருந்து உத்திராபதி மெதுவாகச் சொன்னார்: "அத்தானுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாரோ."

"என்ன சொல்லுவாரு? மீன் வாடை அடிக்கும்பாரா?" என்றாள் காசியம்மா, படுத்தபடியே. "நெழலுக்கு வாடை கெடையாதுன்னு சொல்லுங்க. நீங்க மொதல்ல உள்ள வாங்க இல்ல வெளிய போங்க. காத்தை மறைக்கிறீங்க."

ஆந்துவான் நாற்காலியில் இருந்து பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தார். நிழல் சுவரில் விழுந்தது இதற்குப் பிறகு, அவள் இரத்தம் பையனுக்கு ஏறியதும்.

திருநள்ளாற்றில் சேதி எட்டி, குஞ்சிதபாதம் அரை மணி நேரம் கழித்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் நின்று சுவரைப் பார்த்தார். பையன் தாத்தாவிடம் ஓடிவந்தான். கூடைக்காரியின் நிழல் அவர் நிழல்மேல் விழுந்தது. அவர் ஓரடி நகர்ந்துகொண்டார்.

"டாக்டரம்மா, எங்க வீட்டுப் புள்ளைக்கு எங்க நெழலு போதும். யாரக் கேட்டு ஏத்துனீங்க?"

"பெத்தவளக் கேட்டு ஏத்துனேன்."

"எங்க ரத்தத்துல இல்லாத எது வெளியில கெடைச்சிடப் போவுது?"

"உங்க ரத்தத்துலதாங்க ஐயா இந்த வியாதியே இருக்கு," என்றார் ஐரேன். "ஒரே கெணத்துத் தண்ணியவே மூணு தலமொறையா திருப்பித் திருப்பி எறச்சிருக்கீங்க. அம்மா கிட்ட பாதி, அப்பா கிட்ட பாதி. ரெண்டும் சேர்ந்து இவன்கிட்ட முழுசா வந்திருக்கு. நான் பழி சொல்லல. உள்ளதச் சொல்றேன்."

அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் பையனைத் தூக்கிக்கொண்டு, வில்வண்டியில் ஏறிக் குடையை விரித்தார்.

அந்தக் குடை அன்றிலிருந்து விரிந்தே இருந்தது. பையன் வெளியில் வந்தால் மேலே குடை இருக்கும். கோயிலுக்கு அழைத்துப் போவது உச்சி வேளையில் மட்டும். அப்போது நிழல் காலடிக்குள் சுருண்டு கிடக்கும், யாருடையது என்று தெரியாது. பையனோ மார்கழியில் கிடந்த பையன் இல்லை. வைக்கோல் போரில் ஏறினான், கன்றுக்குட்டியை விரட்டினான். உரக்கக் கூப்பிடவும் பழகிக்கொண்டான், வீட்டுக் கூடத்தில் நின்று மீன் விற்பவள் போல, "சென்னாக்குன்னி, கெளுத்தி!" என்று கத்தியதை வேலையாட்கள் கேட்டார்கள், சிரிக்காமல் இருந்தார்கள். மாசி நடுவில் நிழல் வெளிற ஆரம்பித்தது. முதலில் கூடை போயிற்று, பிறகு கை. குஞ்சிதபாதம் மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். நான்காம் நாள் மகளைக் கூப்பிட்டார்.

"நீ கொண்டு போனது தப்பில்ல," என்றார். "திருட்டுத்தனமாக் கொண்டு போனதுதான் தப்பு. மேலவீட்டுல எதையும் ஒளிச்சு வாங்குனதில்ல. தட்டை எடு."

மேலவீட்டு வெள்ளித் தட்டு பெண் கேட்கப் போகும்போது மட்டும் பெட்டியில் இருந்து வெளியே வருவது. வெளி வீட்டு வாசலுக்கு அது போனதே இல்லை. அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, ஒரு சீப்பு பூவன்பழம் வைத்து, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, குஞ்சிதபாதம் திருவேட்டக்குடிக்குப் போனார். வலை காய்ந்துகொண்டிருந்த மணலில் வண்டி ஓடாததால் தட்டைத் தாமே தூக்கிக்கொண்டு நடந்தார். குப்பம் முழுக்க எழுந்து நின்று பார்த்தது. காசியம்மா கருவாடு புரட்டிக்கொண்டிருந்தவள் கையை முந்தானையில் துடைத்தாள்.

"வாங்க பெரியவரே. பொண்ணு கேட்டு வந்தீங்களா? எனக்குக் கல்யாணமாயி இருவது வருசமாச்சே!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். குஞ்சிதபாதம் சிரிக்கவில்லை.

"போன மாசம் உங்கள முறையாக் கேக்கல. அது எங்க வீட்டுக்குக் கொறை. இப்ப முறையாக் கேக்க வந்திருக்கேன். எம் பேரனுக்கு உங்க ரத்தம் வேணும்."

காசியம்மாவின் சிரிப்பு நின்றது. "டாக்டரம்மா மூணு மாசம் ஆவட்டும்னுருக்காங்க. சித்திரையில நான் வாறேன். இந்த மாசத்துக்கு என் நாத்தனாள அனுப்புறேன். ஆனா தட்ட அவ கையிலயும் நீங்கதான் குடுக்கணும். அவ ரொம்ப ரோசக்காரி."

"நானும்தான்," என்றார் குஞ்சிதபாதம்.

அதன் பிறகு மாதம் தவறாமல் அந்தத் தட்டு ஒரு வாசலுக்குப் போனது. ஒன்பது ஆண்டுகளில் நூறு தடவைக்கும் மேல். ஒருமுறைகூட ஆள் அனுப்பவில்லை, தாமே போனார். மண்டபத்தூரில் படகு ஓட்டும் கோவிந்தராசு கொடுத்த மாதம், நிழல் இடுப்பில் கைவைத்து நின்றது. இந்தோசீனப் போரில் இடது கையை இழந்த ஆல்போன்ஸ் கொடுத்தபோது, பையன் இரண்டு கையாலும் பந்து பிடித்தான், நிழல் ஒற்றைக் கையால் பிடித்தது. ஆல்போன்ஸின் நிழல் தினமும் காலை எட்டு மணிக்கு விறைத்து நின்று சல்யூட் அடித்ததால், பையனும் அந்த மாதம் பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோடு போனான். காரைக்கால் ஆஸியா பீவி ஆண்டுக்கு மூன்று முறை கொடுத்தார். முதல் தடவை தட்டை வாங்கிக்கொண்டு, "புள்ளைக்கு அல்லாஹ் ஹயாத்த நீட்டிக் குடுக்கட்டும். குந்துங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க," என்றார். குஞ்சிதபாதம் வெளியில் எங்கும் தண்ணீர் குடிக்காதவர். அன்று குடித்தார். சர்க்கரை சற்று அதிகம் என்று மட்டும் வீட்டில் சொன்னார்.

1981இல் மாங்கனித் திருவிழாவின்போது, மாடிகளில் இருந்து பக்தர்கள் வீசிய மாம்பழங்கள் விழுந்துகொண்டிருந்த தெருவில், சாயங்கால வெயிலில் அவர் குடையை மடக்கினார். அது காசியம்மாவின் மாதம். நிழல் கூடையோடு நீண்டு விழுந்தது. ஐந்து பழங்கள் அந்த நிழல் கூடையில் விழுந்து அங்கேயே நின்றன. பையன் குனிந்து எடுத்துக்கொண்டான். அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குடை அதற்குப் பிறகு மழைக்குத்தான் பயன்பட்டது.

1984இல் பையனின் நிழலுக்கு ஓரத்தில் துருப்பிடித்தது. ஏற்றிய இரத்தத்தின் இரும்பு உடம்பில் தங்கியதால் அப்படி ஆகும் என்று ஐரேன் சொன்னார். அவருடைய தம்பி தெனிஸ், விடுமுறைக்கு வருபவர்களிடம் பிரான்சில் இருந்து மருந்து கொடுத்தனுப்பினார். அதை ஊசியால் தோலுக்கடியில் மணிக்கணக்கில் செலுத்த வேண்டும், பெரியநாயகி கற்றுக்கொண்டாள். ஆறு மாதத்தில் துரு விட்டது. அதே ஆண்டு மேலவீட்டில் முதல்முறையாக வெளியில் சம்பந்தம் செய்தார்கள். உத்திராபதியின் அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை மன்னார்குடி. கல்யாணத்துக்கு முன்பு இரு தரப்பு இரத்தத்தையும் ஐரேனிடம் சோதிக்கச் சொன்னவர் குஞ்சிதபாதம். ஜாதகம் அதற்குப் பிறகுதான் பார்க்கப்பட்டது.

1988 பங்குனியில், எழுபதாவது வயதில், அவர் காலமானார். மகன் இல்லாததால் மகள் வயிற்றுப் பேரன் தெட்சிணாமூர்த்தி கொள்ளி வைத்தான். பதின்மூன்று வயது, வயதுக்குச் சற்றுக் குட்டை, மற்றபடி நன்றாக இருந்தான். டாக்டர் ஐரேன் சுடுகாட்டுப் பாதை வரை வந்து நின்றார். பிற்பகல் மூன்று மணி வெயிலில் பையன் குடத்தோடு சுற்றி வந்தபோது நிழல் தெளிவாக விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

மேலவீட்டுப் பெரியவருக்கு மீன்காரி காசியம்மாவின் நிழல் கொள்ளி வைத்தது என்று இன்றும் கடைத்தெருவில் சொல்லித் திரிகிறார்கள். அது தவறு. காசியம்மா கொடுத்தது தை மாதம். பங்குனியில் கொடுத்தவர் ஆஸியா பீவி. இறப்பதற்குப் பதினோரு நாள் முன்பு தட்டு வைத்துக் கேட்டு வந்தவர் குஞ்சிதபாதமேதான். கொள்ளி வைத்த நிழலின் தலையில் முக்காடு இருந்தது. கூடை இல்லை.