கொசுறாக வந்த பெட்டி

பழைய சாமான் வாங்கப் போகும் வீட்டில், பிடித்த பொருளை நானும் அக்காவும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டோம். பார்த்தால் விலை ஏறிவிடும். அக்கா குல்ஷன் எங்கோ பார்த்துக்கொண்டு ஒரு நாற்காலிக்கோ ஆட்டுக்கல்லுக்கோ விலை பேசுவாள். நான் பின்னால் நடந்து வருவேன். செருப்பைக் கழற்றி மாட்டினேன் என்றால், என் வலது காலுக்கு நேரே ஏதோ இருக்கிறது என்று அவளுக்குப் புரியும்.

அவளுக்கு வாய், எனக்குக் கண். அப்படித்தான் அத்தா எங்களைப் பிரித்து வைத்திருந்தார். மயிலாப்பூரில் எங்கள் பழைய சாமான் கடைக்குப் பாதிச் சரக்கு நாங்கள் இருவரும் கொண்டுவருவது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் போதும். அடையாறோ தி.நகரோ, அக்காவின் ஸ்கூட்டர் கிளம்பிவிடும்.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் தொண்டை அடைத்துவிடும். எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்க எனக்கு வராது. ஆனால் பொருள்களை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்ப்பேன். அவை திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த மார்கழியில் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். கிளாடிஸ் என்ற ஓய்வுபெற்ற டீச்சர், கார் நிறுத்தும் இடத்தில் சாமான்களைப் பரப்பி வைத்து, நடுவில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். குத்துவிளக்குப் பக்கத்தில் மிக்ஸி ஜார், அதன் மேல் மாதா படத்தை எடுத்துவிட்ட வெறும் சட்டம். கழற்றிப்போட்ட ஊஞ்சல் பலகைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி கிடந்தது. முன்பக்கம் பித்தளை வாய், அதற்கு ஒரு மூடி. நடுவில் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாகத் தோல். பின்பக்கம் வெளுத்துப்போன ஒரு கண்ணாடி.

நான் செருப்பைக் கழற்றி மாட்டினேன்.

அக்கா பிரம்பு நாற்காலிக்கு விலை பேசி முடித்து, பணத்தை எண்ணி நீட்டி, டீச்சர் கை நீட்டியதும் பின்னால் இழுத்துக்கொண்டாள். "கொசுறு?"

"கொசுறா? இது என்ன கொத்தமல்லி கடையா?"

"கறிவேப்பில வாங்கினாலே கொசுறு உண்டு மிஸ். நாற்காலிக்குக் கெடையாதா? அந்தப் பலகைக்குக் கீழ ஏதோ பெட்டி கெடக்கே, அதக் குடுங்க."

டீச்சர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என் மாமனாரோட போட்டோப் பெட்டி. ஒருவாட்டி அதுல எலி குட்டி போட்டிருந்துது. எடுத்துட்டுப் போம்மா, எனக்குக் குப்பை வண்டிக்காரன்கிட்ட கெஞ்சுற வேலை மிச்சம்." பிறகு என்னைப் பார்த்து, "உன் தங்கச்சி பேசவே மாட்டாளா?" என்றார்.

"வீட்டுல நான் பேச விட்டாத்தானே" என்றாள் அக்கா.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கொசுறாக வந்தது, கண்ணில் கண்டவருக்குச் சொந்தம். மூடியில்லாத மைக்கூடு, கப்பல் படம் போட்ட கைப்பிடி உடைந்த கோப்பை, ஒற்றைக் காது ஜிமிக்கி என்று எனக்கு நிறையச் சொத்து உண்டு. கடைக்கு மேலே சாமான் போடும் அறையில், தெருப்பக்க ஜன்னல் ஓரம் என் இடம். பெட்டியை அங்கே ஒரு முக்காலியின் மேல் வைத்தேன். பித்தளை வாயை ஜன்னலுக்கு நேராகத் திருப்பி, மூடியைக் கழற்றினேன். வெளுத்த கண்ணாடியைத் துடைக்கலாம் என்று துணியோடு பின்னால் வந்தேன்.

கண்ணாடிக்குள் ஏதோ அசைந்தது.

எலி என்று நினைத்துப் பின்வாங்கினேன். எலி இல்லை. கலங்கிய மஞ்சள் நிறம் ஒன்று இடமிருந்து வலமாகப் போனது. ஜன்னல் வெளிச்சம் கண்ணில் குத்தியதால் சரியாகத் தெரியவில்லை. கதவில் அக்காவின் பர்தா தொங்கியது. அதை எடுத்து என் தலையையும் பெட்டியின் பின்பக்கத்தையும் சேர்த்து மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த திருகைத் தடவித் தடவித் திருப்பினேன். துருத்தி நகர்ந்தது.

என்ன சொல்வது? எங்கள் தெரு அங்கே இருந்தது. தலைகீழாக.

வானம் அடியில் தேங்கிக் கிடந்தது. அதற்குள் தென்னை மரம் தலைகீழாக இறங்கியிருந்தது. தார்ச்சாலை மேலே ஓட, ஆட்டோக்கள் கூரையில் பல்லி போல ஒட்டிக்கொண்டு போயின. படம் இல்லை அது. படம் நின்றுவிடும், இது நடந்துகொண்டிருந்தது. எதிர்க் கடையில் மெஹபூப் அலி டீ ஆற்றினார். கீழேயிருந்த குவளையிலிருந்து டீ ஒரு பழுப்புக் கயிறாக மேலே ஏறி, மேலேயிருந்த குவளைக்குள் போய் அடங்கியது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஒரு காகம் சிறகை விரித்துத் தரைப்பக்கம் இருந்த வானத்தில் நீந்திப் போனது. சத்தமே இல்லை. அதாவது, ஹாரன் சத்தம் எப்போதும் போலக் கேட்டது, ஆனால் அது வேறு தெருவின் சத்தம் போல இருந்தது.

பர்தாவை நீக்கி ஜன்னல் வழியே பார்த்தேன். அதே தெரு, அதே டீக்கடை, தினமும் பார்ப்பதுதான். மறுபடி உள்ளே போனேன். உள்ளேதான் அது எல்லாம் புதிதாகச் செய்யப்பட்டது போலிருந்தது. பூக்காரியின் கூடையில் இருந்த சாமந்தி அவ்வளவு மஞ்சளா? மருந்துக்கடை வாசலில் நிற்கும் அம்மாளின் முகத்தில் அவ்வளவு நடக்கிறதா? முதல் தடவையாக ஒரு மனிதரின் முகத்தை, தலை குனியாமல், அவர் நகரும்வரை பார்த்தேன். வெறும் ஓட்டையும் கண்ணாடியும் மரமும் சேர்ந்து இதைச் செய்கின்றன. கரண்ட் இல்லை, பேட்டரி இல்லை. டீச்சரின் மாமனார் காலத்திலிருந்து ஏதோ மூலையில் கிடந்தபோதும், மூடியைத் திறந்தால் செய்யத் தயாராக இருந்திருக்கிறது. எலி குட்டி போட்டபோதுகூட.

யாரிடமும் சொல்லவில்லை. தினமும் மதியம் சாப்பிட்டதும் மாடிக்குப் போனேன்.

"மாடிக்குப் போறதுக்கு எதுக்குடி பர்தா?" என்று அக்கா கேட்டாள். "அங்க எந்த ஆம்பள ஒக்காந்திருக்கான்?"

ஒரு நாள் அக்காவும் நானும் தி.நகரில் ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, பெட்டி கீழே கடையின் நடுமேசையில் இருந்தது. பித்தளை தங்கம் போல மின்னியது. மரத்துக்கு மெருகு போட்டு, தோலுக்கு எண்ணெய் தடவியிருந்தார் அத்தா. அவர் முகமும் அதே அளவு மின்னியது.

"எப்புடி இருக்கு ஹானி? பின்னாடி கண்ணாடி உப்புக்காத்துல பூத்துப் போயிருந்துச்சு. கழட்டிப் போட்டுட்டுப் புதுசு வெட்டிப் போட்டேன். பாரு, உள்ள பளிச்சுனு தெரியுது."

"பழைய கண்ணாடி?" என்றேன்.

"குப்பையில போச்சு. துரைராஜ் ஒரு படத்துக்கு இந்த மாதிரி தேடிட்டு இருக்கானாம். நாளைக்கு வரான்."

துரைராஜ் வடபழனியில் குடோன் வைத்து, சினிமாவுக்குப் பழைய சாமான்களை வாடகைக்கு விடுபவர். அவரிடம் போகும் ரேடியோ பாட வேண்டியதில்லை, கடிகாரம் ஓட வேண்டியதில்லை. பார்க்க இருந்தால் போதும். அங்கே போன எதுவும் திரும்பி வந்ததில்லை.

"அத்தா, அது அவ கொசுறு" என்றாள் அக்கா.

"கொசுறுன்னா ஓட்டக் கோப்பை, ஒத்த ஜிமிக்கி. இது சாமான்டி."

அத்தா கொடுமைக்காரர் இல்லை. அவருக்கும் பிடித்த பொருள்கள் உண்டு. கடைச் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. யாராவது விலை கேட்டால், "உங்க வீட்ட எழுதிக் குடுங்க, எடுத்துட்டுப் போங்க" என்பார். கடையில் உட்கார்ந்துகொண்டு 'இல்லை' என்று சொன்னால் பரக்கத், அல்லாஹ் தரும் வளம், போய்விடும் என்பது அவர் எண்ணம். அதனால் கொடுக்க மனமில்லாததற்கு, யாராலும் கொடுக்க முடியாத விலையைச் சொல்வார். கேட்டவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் இந்தப் பெட்டி அவருக்கு வெறும் பெட்டி. நாளைக்கு அது போய்விடும்.

மறுநாள் விடிந்ததும் அதை மாடிக்குத் தூக்கிப்போனேன். கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று பர்தாவைப் போர்த்தித் திருகைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. பளிச்சென்ற கண்ணாடி வழியே உள்ளே இருந்த இருட்டும், அதன் கோடியில் வெளிச்சப் புள்ளி ஒன்றும்தான் தெரிந்தன. எந்தப் பக்கம் திருப்பினாலும் அவ்வளவுதான். தெரு போய்விட்டது.

கண்ணாடியோடு முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். குளிர்ந்த கண்ணாடியில் என் மூச்சு பட்டு, ஒரு வட்டமாக ஆவி படிந்தது.

அந்த வட்டத்துக்குள் தென்னை மரம் தொங்கியது.

மூச்சை நிறுத்திவிட்டேன். ஆவி ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வர, தென்னை மரமும் சுருங்கி, ஓலை நுனியாகி, மறைந்தது. மறுபடி ஊதினேன். மறுபடி வந்தது. தெரு எங்கேயும் போகவில்லை. அது முழு நேரமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. வந்து உட்கார ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். பளிச்சென்ற கண்ணாடியில் அதற்குக் கால் தரிக்கவில்லை. கண்ணாடி பூத்துப்போகவில்லை, அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

மூச்சு விட்டுக்கொண்டே இருக்க முடியாது. ஆவி போல இருக்கும், ஆனால் போய்விடாத ஒன்று வேண்டும். அம்மா ஷம்ஷாத் ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்கிறார். பூ வடிவத்தை ட்ரேசிங் தாளில் வரைந்து, கோடு முழுக்க ஊசியால் குத்தி, அதன் மேல் பொடி தேய்த்துத் துணியில் இறக்குவார். கீழே ஓடிப்போய் ஒரு பழைய தாளைக் கேட்டேன்.

"அது கிழிஞ்ச மாங்கா டிசைன், எதுக்கு?" என்றார் அம்மா.

"அதுதான் வேணும்."

கண்ணாடி மேல் தாளை ஒட்டினேன். போர்த்திக்கொண்டு பார்த்தேன். தெரு வந்து உட்கார்ந்தது. கொஞ்சம் மங்கல்தான். ஆனால் ஊசி குத்திய இடமெல்லாம் வெளிச்சம் கூடுதலாகப் புகுந்து, தெரு முழுக்க மாங்காய் மாங்காயாக நட்சத்திரம் இறைத்திருந்தது.

சாயங்காலம் துரைராஜ் வந்தார். கீழே அவர் குரல் கேட்டது. "இன்னா பாய், சாமான் ரெடியா கீதா?"

"மாடியில இருக்கு, வா."

இருவரும் ஏறி வந்தார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். துரைராஜ் பித்தளையைத் தட்டிப் பார்த்தார். "சூப்பர். பின்னாடி இன்னா பாய் பேப்பர் ஒட்டி கீது? அத்த பிச்சிரலாம்."

அவர் விரல் தாளின் ஓரத்துக்குப் போனது.

"பிய்க்காதீங்க" என்றேன்.

யார் பேசியது என்று துரைராஜ் சுற்றிப் பார்த்தார். அத்தாவும் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே, "அத்தா, ஒருவாட்டி பாருங்க" என்று பர்தாவை நீட்டினேன்.

அத்தா என்ன நினைத்தாரோ, வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இன்னா பாய், இந்த வயசுல பர்தா போட்டுக்கினே?" என்று துரைராஜ் சிரித்தார்.

அத்தாவின் முதுகு மட்டும் மெதுவாக ஏறி இறங்கியது. துரைராஜின் சிரிப்பும் அடங்கிப்போனது.

கடைசியில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "துரைராஜ், கொஞ்சம் ரோட்டுல போய் நில்லேன்."

"எதுக்கு?"

"நில்லு நைனா. டீக்கடைகிட்ட."

துரைராஜ் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப்போனார். "கைய ஆட்டச் சொல்லு" என்றார் அத்தா. நான் ஜன்னலிலிருந்து கையை ஆட்டிக் காட்டினேன். தெருவில் நின்று அவரும் ஆட்டினார். பர்தாவுக்குள் அத்தா "யா அல்லாஹ்" என்றார், தொழுகையில் சொல்வது போல.

பிறகு துரைராஜ் ஏறி வந்து பார்த்தார். அவர் வெளியே வந்தபோது முடி கலைந்திருந்தது. சரி செய்துகொள்ளவில்லை.

"முப்பது வருசமா சினிமாவுல கீறேன் பாய். கேமராவுக்கு முன்னாடி சாமான் வச்சிக்கினே வயசாயிடுச்சி. உள்ளாற இன்னா தெரியும்னு இன்னிக்கித்தான் பாத்தேன்." மறுபடி பெட்டியைத் தொட்டார், இந்தத் தடவை தட்டவில்லை. "வெல சொல்லு. எவ்ளோன்னாலும் சொல்லு."

காட்டியதே தப்பாகிவிட்டது. பிடித்த பொருளைக் கண்ணால்கூடக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாததா?

அத்தா பர்தாவை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"உன் வடபழனி குடோன எழுதிக் குடு" என்றார். "எடுத்துட்டுப் போ."

துரைராஜ் அவரைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அய்ய, இது கடிகார வெலையா? மொதல்லியே சொல்லிக்க கூடாதா பாய்!" இறங்கும்போது படியில் நின்று, "பாப்பா, நாளைக்கு என் பொண்டாட்டிய இட்டுக்கினு வர்றேன். அவளுக்குக் காட்டுவியா?" என்றார்.

காட்டுவேன் என்று தலையாட்டினேன்.

பர்தாவை என் கையில் வைத்துவிட்டு அத்தாவும் இறங்கிப்போனார். நான் போர்த்திக்கொண்டு குனிந்தேன். சற்று நேரத்தில், மேலே இருந்த தார்ச்சாலையில் தலைகீழாக நடந்து, டீக்கடை ஓரமாகப் போய் நின்றார் அத்தா. சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தாடியைச் சீவினார். தொப்பியைச் சரி செய்தார். மெஹபூப் அலி ஏதோ கேட்க, கையமர்த்திவிட்டு ஜன்னலைப் பார்த்து நேராக நின்றார், போட்டோவுக்கு நிற்பது போல.

அவர் தோளின் மேல் ஒரு மாங்காய் முழுக்க ஒளிப்புள்ளியாக மின்னியது. பின்னால் டீ மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவர் என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன், இருட்டும்வரை.