காலால் தள்ளிய தட்டு

மட்டக்களப்புக்கு ரயில் வந்து நாலைந்து வருசமிருக்கும். உன்னிச்சையில் வயல் செய்யும் கமக்காரன் சீனித்தம்பி, புத்தி பேதலித்து மச்சானின் கையை வெட்டிவிட்டான். மூன்று கிழமை மறியல் சிறையில் வைத்துப் பாருங்கள் என்று நீதவான் அனுப்பினார். சாதுவானவன் என்றால் கொழும்பு ஆஸ்பத்திரியில் கொஞ்சக் காலம், பிறகு வீடு. பாய்கிறவன் என்றால் விலங்கோடு போவான். திரும்புவானா என்பது அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

ஆள் பாயத்தான் செய்தான். காவலாளி அசனாருக்குக் கெண்டைக்கால் முழுக்க நகக் கீறல். முன்பொரு விசரன் சோறு வைத்த காவலாளி ஒருவரின் விரலைக் கடித்த நாள் தொட்டு, சோற்றுத் தட்டைச் சப்பாத்துக் காலால் கம்பிக்குக் கீழே தள்ளுவதுதான் அங்கே வழக்கம். தள்ளுகிற காலைச் சீனித்தம்பி பிடித்துப் பிறாண்டுவான். ஆறு தரம். பாய்ந்த ஆறையும் மறியல் புத்தகத்தில் பதிந்த அசனார், தான் காலால் தள்ளினதைப் பதியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா?

ஏழாம் தரம் தட்டுச் சரிந்தது. சீனித்தம்பி பாயவில்லை. சிந்திய சோற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றி அழுதான். அன்று பகல் வீட்டில் மனைவி கைறுன்னிஸா போட்ட சோறு அசனாருக்கு இறங்கவில்லை. இந்தச் சோற்றை ஒருத்தன் காலால் தள்ளினால் நான் சும்மா விடுவேனா? பல்லை உடைத்திருப்பேனே!

மறுநாள் சப்பாத்தைக் கழற்றி, குந்தியிருந்து, இரண்டு கையாலும் தட்டை உள்ளே வைத்தார். சீனித்தம்பி அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். அசனாருக்குச் சீவன் போய் வந்தது.

"கையாலயா தாறீங்க, காக்கா?" சொந்த அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கேட்டான்.

கையை விட்டுவிட்டுச் சாப்பிட்டான். சுவரோடு பேசிக்கொண்டுதான் சாப்பிட்டான். விசர் மாறிவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு ஒருநாளும் பாயவில்லை.

வியாழக்கிழமை டொக்டர் வந்து புத்தகத்தைப் பார்த்தார். ஆறு தரமா என்று, நீதவானுக்கு எழுதப் பேனையை எடுத்தார். வாயைத் திறக்காதே, பழி உன் தலையில் விழும் என்று பெரிய காவலாளி வல்லிபுரம் முன்பே சொல்லிவைத்திருந்தார்.

"ஆறு தரமும் நான் சோத்தக் காலால தள்ளின பிறகுதான் ஐயா பாய்ஞ்சான். கையால வெச்ச நாள்ல இருந்து ஒண்டுமில்ல."

"இத எழுதினா உன்ட வேலைக்கு மோசம் வரும்."

அசனாருக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள்.

"எழுதுங்க ஐயா."

வேலை போனது. அடுத்த கிழமை, சீனித்தம்பியைக் கொழும்புக்கு ஏற்றுகிற நாளில், உத்தியோக உடுப்பில்லாமல் வெறுஞ்சாரன் கட்டிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனார். கைறுன்னிஸா கட்டிக் கொடுத்த சோற்றுப் பொதியை ரயில் சன்னலால் நீட்டினார். சீனித்தம்பி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கைகளில் விலங்கில்லை.