கருவாயனுக்கு வந்த கிருமி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அழுக்கு விரிப்புகளைப் பிரித்துப் போடுவது அவள் வேலை. ரத்தம் பட்டது ஒரு தொட்டி, சீழ் பட்டது ஒரு தொட்டி, மற்றதெல்லாம் இன்னொன்று. கையுறை கிழிந்தால் புதுசு கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வெறுங்கையாலேயே அள்ளப் பழகியிருந்தாள்.

வீட்டில் தங்கையும் தங்கையின் மூன்று வயது மகளும். கூடவே கருவாயன். மூஞ்சியில் மட்டும் கரி அப்பியது போலிருக்கும் பழுப்பு நாய். அவள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் மடியில் ஏறி, இரண்டு கையையும் நக்கித் தீர்த்த பிறகுதான் இறங்குவான்.

முதல் கொப்புளம் அவள் முழங்கையில்தான் வந்தது. தோல் நோய் என்று தெரிந்தால் வேலைக்கு வராதே என்பார்கள். முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டாள். இரண்டு வாரத்தில் கருவாயனின் வயிற்றில் முடி கொட்டிச் சீழ் வைத்தது. அப்புறம் குழந்தையின் தொடையில்.

"ஒண்ணு அது இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்" என்றாள் தங்கை.

"மருந்து போட்டா ஆறிடும்டி."

"பிள்ளை உட்கார முடியாம அலறுது. நாய்கிட்டருந்துதானே வந்துச்சு, சொல்லுக்கா?"

முழங்கை விண்விண்ணென்று தெறித்தது. அவள் தலையாட்டினாள்.

புண் பிடித்த நாயை எந்தக் காப்பகமும் சேர்க்கவில்லை. கால்நடை டாக்டர் சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, "முடிவு வர அஞ்சு நாளாகும். அதுவரைக்கும் வச்சிருங்களேன்" என்றார். தங்கை பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். நாயை ஊசி போட்டுக் கொன்றுவிடச் சம்மதம் என்ற காகிதத்தில் இவள் கையெழுத்துப் போட்டாள். ஊசி ஏறும்போதும் கருவாயன் அவள் கையைத்தான் நக்கிக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் தொட்டியடியில் நிற்கும்போது கால்நடை டாக்டரிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, அது ஆஸ்பத்திரியில புழங்குற கிருமி. பெரும்பாலும் மனுஷங்ககிட்டருந்துதான் நாய்க்குப் போகும். வீட்டுல எல்லாரும் டாக்டரைப் பாருங்க."

"நாய்க்கு... மருந்து இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

வீட்டுக்கு வந்தபோது குழந்தையின் முதுகில் புதுசாக ஒன்று கிளம்பியிருந்தது. "அந்தச் சனியன் போயும் இது போகலையேக்கா" என்று தங்கை அழுதாள்.

அவள் சட்டைக்கையைச் சுருட்டிக் காட்டினாள். "என்கிட்டருந்துதான் வந்துச்சு. எனக்குத்தான் முதல்ல."

தங்கை கத்தவில்லை. முழங்கையைப் பார்த்தாள், அக்கா முகத்தைப் பார்த்தாள். "அன்னிக்குக் கேட்டேனே" என்று மட்டும் சொன்னாள். பிறகு குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

குழந்தை கதவுக்குப் பின்னாலிருந்து "பெரிம்மா" என்று கூப்பிட்டது. அவள் கதவில் கை வைக்கப் போனாள். வைக்காமல், இரண்டு கையையும் உடம்போடு ஒடுக்கிக்கொண்டு, கூடத்தின் நடுவில் எதையும் தொடாமல் நின்றாள்.