என் இடுப்பெலும்பு வேலைக்குப் போன வருடம்

எங்கள் தெருவில், வேலை கொடுக்காத வீட்டில் எலும்பு தங்காது. வேலை இருக்கிற வீட்டைத் தேடிப் போய்விடும். என் இடது இடுப்பெலும்பு சித்திரை முதல் தேதி அடுத்த வீட்டு மரிய பாக்கியத்திடம் வேலைக்குச் சேர்ந்தது. அவள் தலையில் மீன் கூடை சுமந்து விற்பவள். வயது அறுபத்தெட்டு. அதுவரை இரண்டு இடுப்பெலும்போடு நடந்தவள், அன்றிலிருந்து மூன்றோடு நடந்தாள். அந்தத் திமிர் நடையிலேயே தெரிந்தது.

தப்பு என் வீட்டில்தான். முப்பத்திரண்டு வருடம் சத்துணவுக் கூடத்தில் சாம்பார் அண்டா இறக்கியவள் நான். ஓய்வு பெற்ற அன்றைக்கே என் மகன் கிளாட்சன், "எம்மா, நீ கஷ்டப்பட்டது போதும், இனி ஒரு துரும்பைத் தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டான். மருமகள் ஜெனிட்டா என் கையிலிருந்து தண்ணீர்ச் செம்பைக்கூட வாங்கிக்கொள்வாள். "சும்மா இரிங்க அத்தை" என்பாள். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. வெயில் படாமல், படி இறங்காமல் நான்கு வருடம் நாற்காலியில் இருந்தேன். எலும்பும் எத்தனை நாள்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும், பாவம்.

மாலை ஆறு மணிக்கு அது திரும்பி வரும். தினமும் தன்னில் கொஞ்சத்தை அங்கேயே வைத்துவிட்டு வரும். ஒரு வருடம் முழுதாக வேலை பார்த்த எலும்பு அந்த வீட்டிலேயே நிரந்தரம். அதுதான் சட்டம். பிறகு லேசாகத் தடுக்கினாலும் இடுப்பு முறிந்து நான் கட்டிலோடு கட்டில்.

எலும்பு டாக்டரம்மா ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பார்த்தார். "பாதி நாள் ஆளே இல்லையேம்மா" என்றார். "தீட்டு நின்ன பிறகு பொம்பளைங்க எலும்பு இப்படித்தான் வெளியில எட்டிப் பாக்கும். கூப்பிட்டா வரும்." கூப்பிடுவதற்கு வாரம் ஒரு மாத்திரை எழுதினார். ஞாயிறு காலை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து உட்கார வேண்டும். அதோடு காலை வெயில், கேப்பைக் களி, நெத்திலிக் கருவாடு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை.

எங்கள் வீட்டில் யாரும் மாத்திரையை வெறும் தண்ணீரில் போடமாட்டோம். வயிறு புண்ணாகிவிடும் என்று பாலில்தான் போடுவோம். அதிலும் எலும்புக்கு மாத்திரை, எலும்புக்குப் பால், இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலம் என்று ஜெனிட்டா பெரிய டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். நானும் ஐந்து மாதம் ரசித்துக் குடித்தேன். சுமையை மட்டும் யாரும் என் பக்கம் விடவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் எலும்பே கேட்டது. "வாரா வாரம் கூப்பிடுறீங்களாமே, எனக்கு ஒரு சத்தமும் கேக்கலியே. பாலும் மாத்திரையும் வயித்துக்குள்ளயே கைகோத்து உக்காந்திருக்கு. பாலை மத்தியானம் குடிச்சா என்ன? அப்படியே வந்தாலும் தூக்க ஒரு செம்பாவது விடுறாங்களா இங்க?"

வந்தது பாருங்கள் எனக்குக் கோபம்! நாற்காலியை இழுத்துப்போய் மொட்டைமாடியில் கவிழ்த்தேன். "ஏல கிளாட்சா, இனி எவனாவது என் கையில இருந்து செம்பைப் புடுங்கினா நடக்கிறதே வேற!" என்றேன். அவன் சரிம்மா என்று தட்டில் கவனமானான்.

மறுநாளே தெருக்குழாய்க்குப் போனேன். முதலில் ஒரு செம்பு. மார்கழியில் சின்ன வாளி. மாசியில் அரைக்குடம், முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கினேன். ஞாயிறுதோறும் பச்சைத் தண்ணீர். மரிய பாக்கியம் மதில்மேல் தலை நீட்டி, "ஏட்டி பிலோமி, உன் எலும்பு இப்பல்லாம் மத்தியானமே கிளம்பிருது, கூடை ஒரு பக்கமாச் சாயுது" என்று சலித்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

பங்குனி கடைசி நாள். அன்று மாலைக்குள் எலும்பு முடிவு செய்தாக வேண்டும். காலை பத்து மணிக்கு முழுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படி ஏறினேன். படியில் பாசி. கால் வழுக்கியது. சரியாக இடது பக்கம் போனேன். அந்த நேரம் மரிய பாக்கியம் சாளை மீன் கூடையோடு எதிரே வந்துகொண்டிருந்தாள். எலும்பு என்னைப் பார்த்தது. கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. அது உட்கார்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்கப்புறம்தான் தரையில் விழுந்தேன்.

குடம் நசுங்கியது. நான் நசுங்கவில்லை. கிளாட்சன் தூக்க வந்தான், கையைத் தட்டிவிட்டேன். நானே ஒரு காலை ஊன்றி, மறு காலை ஊன்றி, எழுந்து நின்றேன். "ஜெயிச்சுட்டேன்ட்டி!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. மரிய பாக்கியம் சாளையைப் பொறுக்கிக்கொண்டே, "சரி சரி, உன் எலும்பை நீயே வச்சுக்கோ. மீனெல்லாம் மண்ணாப் போச்சு" என்றாள்.

மறுநாள் காலை குழாயடியில் எனக்கு முன்பே ஜெனிட்டாவின் முதுகெலும்பு நின்றுகொண்டிருந்தது. அவளுக்கு முப்பத்தாறு வயது. பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள். அப்போது சோபாவில் வேட்டி மாதிரி மடிந்து கிடந்தாள்.

"இங்க வேலை இருக்குன்னு சொன்னாங்க" என்றது முதுகெலும்பு.

"இருக்கு. அவளையும் கூட்டிட்டு வா" என்றேன்.

அது உள்ளே போய் அவளைக் கூட்டி வந்தது. இரண்டு பேரையும் வரிசையில் எனக்குப் பின்னால் நிறுத்தினேன்.